தொட்டி நிறைந்தால் விளக்கு எரியும்!

பெங்களூர்வாழ் தமிழர்களுக்கு எஸ்.பி. ரோடு புதிய இடம் அல்ல. டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் உள்ள இந்தக் கடைத்தெருவில் வயர், சுவிட்சு முதல் கம்ப்யூட்டர் வரை சகலமும் கிடைக்கும். சனிக்கிழமைகளில் அங்கே பள்ளி மாணவர்களையும் கல்லூரி மாணவர்களையும் நிறையக் காணலாம். அவர்கள் தேடி வருவது கடுகு போன்ற சிறு விளக்குகளையும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகையையும்தான். பம்பாய் லாமிங்டன் ரோட்டிலும், டில்லி செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜபதிராய் மார்க்கெட்டிலும் இதே பொருள்கள் விற்கின்றன.

பையனோ பெண்ணோ இதற்குப் பணம் கேட்கும்போது, “படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?” என்று தகப்பனார் நினைப்பது இயற்கை. மாதச் சம்பளத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு உண்டு அல்லவா? ஆனால் தண்ணீருக்காக இரவில் கண் விழிக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு நேராகவே பயன்படும்.

பலகையின் கதை

பலகையின் நடுவே இருக்கும் கறுப்புச் சில்லுக்கு மைக்ரோ கன்ட்ரோலர் என்று பெயர். கணக்குப் போடும் பகுதி, நினைவகம், வெளியே கட்டளை அனுப்பும் கால்கள் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். இன்டெல் கம்பெனி 1980-ல் வெளியிட்ட 8051 இந்த வகையில் புகழ்பெற்றது. அந்த வரிசையில் சில சில்லுகளில் எழுதியதை அழிப்பதற்குப் புற ஊதா விளக்கின் அடியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். சாதாரண மாணவனுக்கு அது எட்டாத காரியம்.

2005-ல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில், வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்காக “ஆர்டுயினோ” என்ற பலகை உருவாயிற்று. கம்ப்யூட்டரோடு ஒரு வயரால் இணைத்துச் சில வரிகள் எழுதினால் போதும். தவறு நேர்ந்தால் உடனே அழித்து மறுபடி எழுதலாம். எழுதும் மென்பொருள் இலவசம். பலகையின் வரைபடத்தையும் யாவருக்கும் திறந்து விட்டார்கள். ஆகவே பல கம்பெனிகள் அதே மாதிரி பலகைகளைச் செய்து, சில நூறு ரூபாய்க்கே விற்கின்றன.

முதல் பாடம்

எல்.இ.டி. விளக்கின் நீண்ட கால் பாசிட்டிவ். குட்டைக் கால் நெகட்டிவ். பலகை தருவது 5 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்குத் தேவை ஏறக்குறைய 2 வோல்ட். மீதி 3 வோல்ட்டைத் தாங்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும். 330 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 9 மில்லி ஆம்பியர் மின்சாரம் ஓடும். ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்ற வர்ணப் பட்டைகளே அதன் அடையாளம். இதைப் போடாமல் நேரே இணைத்தால் விளக்கு கருகும், பலகையின் காலும் கெடலாம்.

தண்ணீர்க் காவலன்

பெங்களூரில் ஸ்ரீராமபுரம், அல்சூர் போன்ற பகுதிகளில் ஒரே காம்பவுண்டில் பல குடித்தனங்கள் வாழ்கின்றன. குழாயில் தண்ணீர் நள்ளிரவில் வந்தால் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். தூங்கிவிட்டால் தொட்டி நிரம்பி வழியும். பக்கத்து வீட்டாரோடு சண்டையும் வரும்.

இதற்கு வழி எளியது. பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் ஒரு எவர்சில்வர் திருகாணி; கால் பங்கு, அரைப் பங்கு, விளிம்புக்குச் சற்றுக் கீழே என்று மேலும் மூன்று. தண்ணீர் ஏற ஏற, அடித் திருகாணியிலிருந்து மேலே உள்ளவற்றுக்கு மின்சாரம் கடக்கும். மேல் திருகாணி ஒவ்வொன்றும் பலகையின் ஒரு காலுக்குப் போகும். அந்தக் காலிலிருந்து நெகட்டிவுக்கு 1 லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் இணைக்க வேண்டும். எந்த மட்டம் நனைந்ததோ, அந்த எல்.இ.டி. எரியும். கடைசி மட்டம் வந்ததும் ஒரு சிறிய பஸ்ஸர் ஒலித்தால் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார்.

இதற்கு மைக்ரோ கன்ட்ரோலர்தான் வேண்டுமா என்று கேட்கலாம். தண்ணீரில் ஓயாமல் மின்சாரம் பாய்ந்தால் திருகாணி அரித்துவிடும். பலகையோ ஐந்து விநாடிக்கு ஒரு முறை, கண் இமைக்கும் நேரம் மட்டும் மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். நடுவில் விளக்கை அணையாமல் வைத்திருக்கும். இந்தச் சிக்கனம் சில வரிகளில் எழுதிவிடக்கூடியது.

எச்சரிக்கை

இதில் விளையாடக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது வீட்டு மின்சாரமான 230 வோல்ட். மட்டமான சார்ஜரில் பழுது ஏற்பட்டால் அந்த மின்சாரம் தொட்டித் தண்ணீருக்கே வந்துவிடலாம். ஆகையால் ஆறு பென்டார்ச் செல்களை வரிசையாகச் சேர்த்து, 9 வோல்ட்டாகப் பலகையின் பவர் சாக்கெட்டில் கொடுப்பதே நல்லது. தண்ணீருக்குக் காத்திருக்கும் இரவில் மட்டும் சுவிட்சைப் போட்டால் செல்கள் பல நாள் உழைக்கும். மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஆசை வந்தால் அந்த வேலையை லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும். குடிதண்ணீர்த் தொட்டியிலும் இதைப் பொருத்த வேண்டாம்.

முதல் நாளிலேயே எல்லாம் சரியாக வேலை செய்துவிடாது. வயர் கழன்றிருக்கும், கால் மாறியிருக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்துத் தவறைக் கண்டுபிடிப்பதுதான் பிள்ளை கற்கும் பெரிய பாடம். ரிப்பேர் கடையானாலும் தொழிற்சாலையானாலும் அந்தப் பழக்கத்துக்கு மதிப்பு உண்டு. வீட்டிலோ, அதன் பலனாக ஒருவருக்கு நிம்மதியான தூக்கம் கிடைக்கும்.