நீர்க்கரைப் பூங்காவைத் திறப்பு விழாவுக்கு ஆயத்தப்படுத்துதல்: பேராக் ஈயக்குட்டைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் இடையே அமைந்த சிறு நகரம் பீடோர். இரப்பர்த் தோட்டங்களும் ஈய லம்பங்களும் இந்நகரின் வரலாற்றை உருவாக்கின. இரப்பர் மரங்கள் இருந்த நிலத்தின் பெரும்பகுதியில் இன்று செம்பனை நிற்கிறது. லம்பங்கள் மூடப்பட்டபின் எஞ்சியவை நீர் நிறைந்த குழிகள். மலேசியத் தமிழர் இவற்றை ஈயக்குட்டை என்பர். கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் இத்தகைய குட்டைகள் நிறைந்துள்ளன. அவற்றுள் சில மீன் வளர்ப்புக்குப் பயன்படுகின்றன. சில குடியிருப்புகளுக்கு இடையே வேலியின்றிக் கிடக்கின்றன. வேறு சில பொதுப் பூங்காக்களாக உருமாறியுள்ளன. ஈப்போவின் குனோங் லாங் பொழுதுபோக்குப் பூங்காவும், பத்து காஜா அருகே கொக்கும் நாரையும் கூடுகட்டும் கிந்தா இயற்கைப் பூங்காவும் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

ஒரு குட்டையையோ ஆற்றங்கரையையோ சீரமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் முயற்சியில் பெரும்பாலும் விழா நாளே முதலில் குறிக்கப்படுகிறது. பணிகள் அந்நாளுக்கு ஏற்பச் சுருக்கப்படுகின்றன. நடைபாதையும் விளக்கும் நுழைவாயிலும் உரிய நாளில் முடிந்துவிடுகின்றன. நீரும் கரையும் அவ்வாறு முடிவதில்லை. அவற்றுக்குப் பருவமும் காலமும் வேண்டும். எனவே, ஒரு நீர்க்கரைப் பூங்கா எப்போது ‘ஆயத்தம்’ ஆகிறது என்பதை வரையறுப்பது இன்றியமையாததாகிறது. நீர், கரை, பாதுகாப்பு, அறிவிப்பு மொழி ஆகிய நான்கும் நிறைவுற்ற பின்னரே பூங்கா ஆயத்தமானதாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை தைப்பிங், சிங்கப்பூர், சென்னை ஆகிய மூன்று ஊர்களின் பட்டறிவைக் கொண்டு விளக்க முற்படுகிறது. நான்காவது கூற்றில் தமிழாசிரியர்க்கு நேரடியான பணி உண்டு என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படும்.

பேராக்கின் முன்னோடி

கைவிடப்பட்ட ஈயக்குட்டையைப் பூங்காவாக்கும் முயற்சிக்குப் பேராக்கிலேயே முன்னோடி உண்டு. 1937 வரை மாநிலத் தலைநகராக விளங்கிய தைப்பிங்கில், ஈயம் எடுத்து முடிந்த நிலம் 1880களில் ஏரிப் பூங்காவாக மாற்றப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கால மலாயாவின் முதல் பொதுப் பூங்காவாக அது கருதப்படுகிறது. இம்முயற்சியில் கர்னல் வாக்கர் என்னும் அதிகாரியின் பெயர் சிறப்பாகக் குறிப்பிடப்படுகிறது. சாலையோரம் நடப்பட்ட தூங்குமூஞ்சி மரங்கள் இன்று நீர்ப்பரப்பின் மீது கிளை தாழ்த்தி நிற்கின்றன.

இங்கு ஓர் உண்மை கருதத்தக்கது. இன்று தைப்பிங்கைக் காண்போர் வியக்கும் அழகு, திறப்பு நாளில் இருந்திருக்க இயலாது. அன்று இருந்தவை கன்றுகளும் வெறுங்கரையுமே. மரம் கிளை தாழ்த்த நூறாண்டுக்கும் மேலாயிற்று. பூங்காவைத் திறப்போர் முடிந்த அழகைக் காட்ட முயன்றால், வேறிடத்தில் வளர்ந்த மரங்களைப் பெயர்த்து வந்து நடும் நிலை ஏற்படும். வேர் வெட்டப்பட்ட அத்தகைய மரங்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் முட்டுக்கொடுத்தும் தவறாமல் நீரூற்றியும் பேணப்படாவிட்டால் பட்டுப்போகவோ சாயவோ கூடும்.

முதற்கூறு: நீர்

ஈயக்குட்டை இயற்கையான ஏரியன்று. ஏரி என்னும் சொல் தமிழகத்தில் கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றோடு கூடிய பாசன நீர்நிலையைக் குறிக்கும். நீர் வரும் வழியும் வெளியேறும் வழியும் திட்டமிட்டு அமைக்கப்பட்டிருக்கும். ஈயக்குட்டையோ தோண்டப்பட்ட குழியில் தேங்கிய நீர். பலவற்றுக்கு வரத்துக்காலும் இல்லை, போக்குக்காலும் இல்லை. அடியில் நுண்ணிய களிச்சேறு படிந்திருக்கும். சுற்றிலும் ஈயம் அலசப்பட்டபின் கொட்டப்பட்ட மணல் இருக்கும். அதில் ஈரமும் நிற்காது, உரமும் தங்காது. கனிமம் எடுக்கப்பட்ட நிலமாதலின் சில இடங்களில் ஆர்செனிக் போன்ற நச்சுத் தனிமங்களும் இருக்க வாய்ப்புண்டு.

ஆதலால், நீரை ஆராய்வதே ஆயத்தப் பணியின் முதற்படியாகும். குட்டையின் ஆழம் பல இடங்களில் அளக்கப்பட்டு வரைபடமாக்கப்பட வேண்டும். நீரின் மாதிரி மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் தனித்தனியே எடுக்கப்பட வேண்டும். ஒரே நாளில் எடுத்த மாதிரி முழு உண்மையைக் கூறாது. நகர வடிகால்கள் குட்டையில் வந்து சேர்கின்றனவா என்பதும் கண்டறியப்பட வேண்டும். கழிவுநீர் கலந்தால் பாசி பெருகும், ஆகாயத்தாமரை படரும், உயிர்வளி குறைந்து மீன்கள் மடியும்.

சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்கா இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. 1988இல் அமைக்கப்பட்ட அப்பூங்காவின் ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் இணைந்து 2009இல் மறுசீரமைப்பைத் தொடங்கின. கான்கிரீட் அகற்றப்பட்டு, 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்தோடும் ஆறு உருவாக்கப்பட்டது. 62 ஹெக்டர் பரப்புள்ள அப்பூங்கா 2012 மார்ச்சில் திறக்கப்பட்டது. அங்குக் குளங்களின் நீர் வேதிப்பொருள் சேர்க்கப்படாமல், நாணல் முதலிய தாவரங்கள் அடர்ந்த வடிகட்டும் படுகைகளின் வழியே செலுத்தப்பட்டுத் தூய்மையாக்கப்படுகிறது. இத்தகைய படுகைகள் நட்ட மறுநாளே பயன்தருவன அல்ல. வேர்கள் பரவிய பின்னரே அவை வடிகட்டியாகச் செயற்படும்.

இரண்டாம் கூறு: கரையும் தாவரமும்

ஈயக்குட்டைகளின் கரை பெரும்பாலும் செங்குத்தானது, மணலால் ஆனது. ஒரு பெருமழையில் சரிந்துவிடக்கூடியது. கரையை மென்சரிவாக்கி, நீர்விளிம்பை ஒட்டி ஆழம் குறைந்த மேடையொன்றை அமைப்பது இன்றியமையாதது. அம்மேடையில் கோரை, நாணல், தாழை முதலியன நடப்படும்போது அவை மண்ணைப் பிணிக்கும். அதே வேளையில் மக்களை ஆழத்திலிருந்து விலக்கியும் வைக்கும்.

இவ்விடத்தில் தொல்காப்பியத்தின் ஒரு பகுப்பு நினைவுகூரத்தக்கது. மரபியலில் தொல்காப்பியர் நிலைத்திணையைப் புல் என்றும் மரம் என்றும் பிரிக்கிறார். புறத்தே வயிரம் உடையவை புல். அகத்தே வயிரம் உடையவை மரம். தெங்கு, பனை, கமுகு, மூங்கில் ஆகியன புல்லினமாகும். ஓலை, மடல், பாளை போன்ற சொற்கள் புல்லுக்கும், தளிர், அரும்பு போன்றவை மரத்துக்கும் உரியனவாக அங்குக் கூறப்படுகின்றன. இப்பகுப்பு தாவரவியலாரின் ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவோடு பெருமளவு பொருந்துகிறது. தொல்காப்பியர் வேரை அளவுகோலாகக் கொள்ளவில்லை. எனினும், புல்லினத் தாவரங்கள் பெரும்பாலும் சல்லிவேர் உடையவை என்பதால், கரை காக்கும் பணியில் இப்பகுப்பு பயனுடையதாகிறது. மேல்மண்ணைப் பிணிக்க வெட்டிவேர், மூங்கில், கோரை போன்ற புல்லினம் உதவும். கரையின் ஆழ்மண்ணை நிறுத்த மரம் உதவும். ஒன்றை மட்டும் நட்டால் கரை நிலைபெறாது.

பீஷானில், முதன்மைப் பணி தொடங்குமுன்னர்ச் சிறிய பக்க வடிகால் ஒன்றில் பத்துவகைக் கரைப்பிணிப்பு உத்திகள் சோதித்துப் பார்க்கப்பட்டன. வெப்பமண்டல மழையில் நிலைத்தவையே பெரிய ஆற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒரு சிறு பகுதியை முன்னதாக அமைத்து மழைக்கு விட்டுப் பார்ப்பது பேராக்கின் எந்த நகரத்துக்கும் இயலக்கூடிய செயலேயாகும். பேராக்கில் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் ஆகிய இரு காலங்களில் மழை மிகும். குறைந்தது ஒரு மழைக்காலத்தைக் கரை தாங்கிய பின்னர் விழா நாளைக் குறிப்பது நலம்.

மூன்றாம் கூறு: பாதுகாப்பு

நீர்க்கரையின் அழகு சிறுவரை ஈர்க்கும். கைவிடப்பட்ட குட்டைகளில் சிறுவர் மூழ்கி மாண்ட செய்திகளை மலேசியத் தமிழ் நாளேடுகளின் வாசகர் பலமுறை படித்திருப்பர். எனவே, பாதுகாப்பு ஏற்பாடு முழுமையடையாத பூங்காவைத் திறப்பது, ஆபத்தான இடத்துக்கு மக்களை அழைப்பதற்கு ஒப்பாகும்.

பீஷானில் மழைநாளில் ஆறு சுமார் 100 மீட்டர் அகலம் வரை பரவ இடம் விடப்பட்டுள்ளது. வறண்ட நாளில் மக்கள் நடமாடும் புல்வெளியே வெள்ளநாளில் ஆற்றுப்படுகையாகிறது. இதனால் நீர்மட்டத்தை உணரும் கருவிகள், ஒலி எழுப்பும் சங்கு, எச்சரிக்கை விளக்கு, ஒலிபெருக்கி அறிவிப்பு ஆகியன அமைக்கப்பட்டன. நீர் உயரும்போது மக்கள் மெல்ல மேலேறிச் செல்லும்வண்ணம் கரையும் மென்சரிவாக்கப்பட்டது. இக்கருவிகள் யாவும் மக்கள் வருமுன் செயற்படுத்திப் பார்க்கப்பட வேண்டியவை.

சிறு நகரம் இத்தனை கருவிகளுக்குச் செலவிட இயலாமற் போகலாம். எனினும் உயிர்காக்கும் மிதவை, கயிறு, ஆழத்தைக் காட்டும் அளவுகோல், இரவிலும் ஒளிரும் கரைக்கம்பம், பயிற்சி பெற்ற காவலர் ஆகியன எட்டக்கூடியவையே. ஏடிஸ் கொசுவைத் தடுத்தலும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகும். அக்கொசு பெரிய குட்டையைவிடக் கட்டுமானப் பணியில் எறியப்பட்ட வாளி, நெகிழித் தாள், அடைபட்ட வடிகால் ஆகியவற்றில் தேங்கும் நீரிலேயே மிகுதியாக முட்டையிடும். ஆகவே, குத்தகையாளர் விட்டுச்சென்ற பொருள்களை அகற்றுவது விழாவுக்கு முந்திய கடமையாகும்.

திறப்பு என்பது எல்லா வாயில்களையும் ஒரே நாளில் திறப்பதாக இருக்க வேண்டியதில்லை என்பதைச் சென்னை காட்டுகிறது. அடையாறு கழிமுகத்தை ஒட்டிய 58 ஏக்கர் நிலம் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டும் இடமாகச் சீரழிந்திருந்தது. அது மீட்கப்பட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரில் திறந்துவைக்கப்பட்டது. வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காட்டுக்குரிய தாவரங்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கு நடப்பட்டன. பின்னர்ப் பல ஆண்டுகள் பள்ளி மாணவர் குழுக்களும் வழிகாட்டியுடன் வந்த சிறு குழுக்களுமே பெரும்பாலும் அனுமதிக்கப்பட்டனர். இதனைக் குறைகூறியோரும் உண்டு. பொதுப்பணத்தில் அமைந்த பூங்கா பொதுமக்களுக்கு மூடியிருப்பது முறையா என்னும் வினா நியாயமானதே. ஆயினும், அக்காலத்தில் கன்றுகள் மரங்களாயின; பறவைகள் திரும்பின. அண்மைய சீரமைப்புக்குப்பின் 2025இல் அப்பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது. சிறு நகரங்களில் இதன் அளவான வடிவம் பொருந்தும்: முதற்கட்டமாக நடைபாதை, கரை நிலைத்தபின் நீர்விளிம்பு, நீர் தூய்மையானபின் படகு.

நான்காம் கூறு: அறிவிப்பு மொழி

அறிவிப்புப் பலகைகள் பெரும்பாலும் இறுதி வாரத்தில், அவசரமாக எழுதப்படுகின்றன. தமிழ் இடம்பெறும்போது பிழைபட்ட மொழிபெயர்ப்பே இடம்பெறுவதும் உண்டு. தேசிய மொழிக்கு முதலிடம் அளித்துத் தமிழையும் சேர்க்க ஊராட்சி மன்றம் முன்வரும்போது, சரியான வாசகத்தை உடனே அளிக்கத் தமிழாசிரியர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். “நீரில் இறங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது” என்னும் வாசகத்தைவிட “இங்கே இறங்காதீர், கரையோரமே ஆழம்” என்பது சிறுவனுக்கு விளங்கும். காரணம் கூறும் எச்சரிக்கைக்கு மதிப்பு மிகுதி.

மரப்பெயர்ப் பலகைகள் இலக்கியக் கல்விக்கும் துணைசெய்யும். மலேசியப் பூங்காக்களில் காணப்படும் புங்கா தஞ்சோங் நம் மகிழமரமே. பெனாகா லாவுட் என்பது நெய்தல் நிலத்துப் புன்னை. அங்சானா, குறிஞ்சித்திணையின் வேங்கைக்கு நெருங்கிய உறவுடைய மரம். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கெத்தாப்பாங், மருத மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. மெங்குவாங், தாழையின் உறவு. மாலையில் இலை மடக்குவதால் மலாய்க்காரர் ‘ஐந்து மணி மரம்’ என அழைப்பதையே தமிழர் தூங்குமூஞ்சி என்றனர். ஒரே பண்பை இரு இனத்தாரும் கண்டு பெயரிட்டமை மாணவர்க்கு எடுத்துக்காட்டத்தக்கது. ஐந்திணைக் கருப்பொருளைப் பட்டியலாக மனனம் செய்யும் மாணவன், புன்னையையும் தாழையையும் தன் ஊர்ப் பூங்காவில் தொட்டுப் பார்ப்பானாயின் திணைக்கோட்பாடு அவனுக்குத் தெளிவாகும்.

குட்டை எவ்வாறு தோன்றியது என்பதைக் கூறும் பலகையும் ஒன்று வேண்டும். ஈயம் எடுத்த சீனத் தொழிலாளர், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர், இவர்களுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் வாழ்ந்துவரும் செமாய் மக்கள், மலாய்க்காரர் ஆகிய அனைவரும் அதில் இடம்பெற வேண்டும். தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்துவிட்ட நிலையில், முதியோரிடமிருந்து ஊர்ப்பெயர்களையும் குட்டைப் பெயர்களையும் திரட்டும் பணியை மாணவர்க்கு ஒப்படைவாக அளிக்கலாம். காலம் தாழ்த்தினால் கூறுவோர் இரார்.

முடிவுரை

நீர்க்கரைப் பூங்கா ஒன்றின் ஆயத்தநிலையை அறிய நான்கு வினாக்கள் போதும். நீர் இரு பருவங்களில் சோதிக்கப்பட்டதா? கரை ஒரு மழைக்காலத்தைத் தாங்கியதா? எச்சரிக்கை ஏற்பாடுகள் செயற்படுத்திப் பார்க்கப்பட்டனவா? அறிவிப்புகள் மக்கள் மொழிகளில் பிழையின்றி எழுதப்பட்டனவா? ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்பது விடையாயின், விழாவைத் தள்ளிவைப்பதே பொறுப்பான செயலாகும். பீடோர் போன்ற ஊர்களில் முதல் மூன்று வினாக்களுக்குப் பொறியாளரும் ஊராட்சியினரும் விடை தேட வேண்டும். நான்காம் வினாவுக்குரிய விடையை அவ்வூர்த் தமிழாசிரியர்கள் மாணவர் துணையோடு இப்போதே எழுதத் தொடங்கலாம்.