அழிக்காமல் திருத்தும் முறை

வருகைப் பதிவேட்டில் பிழை நேர்ந்தால் அதனைச் சுரண்டி அழித்தல் முறையன்று. ஒரு கோட்டால் அடித்து, சரியானதை அருகில் எழுதிச் சுருக்கொப்பம் இடவேண்டும் என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். முன்பு என்ன இருந்தது, மாற்றியவர் யார் என்பன பின்வருவோர்க்குத் தெரியவேண்டும் என்பதே இதன் நோக்கம். இவ்வொழுங்கினையே கணினித் துறையில் பதிப்புக் கட்டுப்பாடு என்பர்.

லினக்ஸ் பணிக்கென 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய 'கிட்' என்னும் கருவி இன்று இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. அதன் அடிப்படைச் செயல்கள் மூன்று. மூலத்தைத் தொடாமல் தனிக் கிளையொன்றில் பணி செய்தல். மாற்றத்தைக் காரணக் குறிப்புடன் பதிதல். பணி முடிந்தபின் கிளையை மூலத்துடன் இணைத்தல். ஆயினும் இவற்றிற்குரிய கட்டளைகள் நிரலாளர்க்கென அமைந்தவை. ஏனையோர்க்கு எளிதில் விளங்கா.

சேல்ஸ்போர்ஸ் என்னும் மேகவழி வணிகத் தளத்தில் இவ்விடர் நன்கு புலப்படும். அங்கே நிரல் எழுதாமலே, சொடுக்குகளால் படிவங்களையும் விதிகளையும் மாற்றுவோர் பலர். சோதனைக் களத்தில் செய்த மாற்றத்தை மெய்யான களத்திற்குக் கொண்டுசெல்ல 'சேஞ்ச் செட்' என்னும் பழைய முறை உண்டு. அது மாற்றத்தைக் கொண்டு சேர்க்கும். வரலாற்றைக் காத்து வைப்பதில்லை. இருவர் ஒரே விதியை மாற்றினால், பிந்தியவர் மாற்றம் முந்தியவர் மாற்றத்தை மூடிவிடும்.

இக்குறையைப் போக்க 2022 டிசம்பரில் 'டெவ்ஆப்ஸ் சென்டர்' வந்தது. பணி ஒன்றைத் தொடங்கியதும் அதற்குரிய கிளையை அதுவே உண்டாக்குகின்றது. செய்த மாற்றங்களைப் பட்டியலிட்டுக் காட்டுகின்றது. பயனர் வேண்டியவற்றைத் தெரிந்து, குறிப்பெழுதிப் பதிவார். கிட் கட்டளை ஒன்றும் அவர் கற்கவேண்டுவதில்லை. வரலாறோ கிட்ஹப்பில் முறையாகச் சேர்கின்றது.

அங்ஙனமாயின் எளிமைப்படுத்தலின் எல்லை யாது? கலைச்சொற்களை மறைக்கலாம், பொறுப்பை மறைத்தலாகாது. ஒரே வரியை இருவர் இருவேறாக மாற்றின், எது நிற்கவேண்டும் எனக் கருவி துணிய இயலாது. இருவர் நோக்கமும் அறிந்த ஒருவரே தீர்க்கவேண்டும். அம்முரணைக் காட்டாமல், இறுதியாகச் சேமித்தவர் எழுதியதையே நிலைநிறுத்தும் கருவி ஒருவருடைய உழைப்பை ஓசையின்றி அழித்துவிடும்.

காரணக் குறிப்பும் அத்தகையதே. 'திருத்தம்' என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை. 'பத்து விழுக்காட்டிற்கு மேற்பட்ட தள்ளுபடிக்கு மேலாளர் ஒப்புதல் தேவை என்னும் விதி சேர்க்கப்பட்டது' என்று எழுதினால், ஓராண்டு கழித்து வருபவரும் தெளிவர்.

ஆகவே, புதியவர்க்குப் பயிற்சி அளிப்போர் கட்டளைகளிலிருந்து தொடங்க வேண்டா. எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், பிறர் மாற்றத்துடன் அது மோதுகின்றதா என்னும் மூன்று வினாக்களை முதலில் பழக்குக. பதிவேட்டில் சுருக்கொப்பம் இட்டுப் பழகிய கைக்கு இது புதிதன்று.