ஓடும் நீரும் ஒரு நொடிப் பொறுமையும்



மழைக்காலம் வந்துவிட்டால் சுந்தரபாண்டியத்திற்கு மேற்கே உள்ள மலை ஓடைகள் உயிர்பெற்று விடுகின்றன. ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆறு, ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு என்று நம் இளைஞர்கள் கேமராவோடு கிளம்பி விடுகிறார்கள். அவர்கள் காட்டும் படங்களில் சில, ஓடும் நீரைப் பால் வழிவதுபோல் காட்டுகின்றன. எப்படி?

கேமராவின் கதவு சாதாரணமாகக் கண் இமைப்பதற்குள் திறந்து மூடிவிடும். அதை அரை நொடியோ இரண்டு நொடியோ திறந்தே வைத்தால், அந்நேரத்தில் நகர்ந்த நீரெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து மென்மையாகிறது. அசையாத பாறை மட்டும் தெளிவாக விழுகிறது. இதற்கு முக்காலி கட்டாயம் வேண்டும். கையில் பிடித்தால் பாறையும் கலங்கிவிடும். வெயில் ஏறுமுன் எடுப்பது நல்லது. வெளிச்சம் மிகுந்தால் லென்சின் முன் கறுப்புக் கண்ணாடி போன்ற ஒரு ஃபில்டரை மாட்டுவார்கள். ஒளியை 64-ல் ஒரு பங்காக்கும் ஃபில்டர் இருந்தால், 60-ல் ஒரு நொடி போதுமான இடத்தில் ஏறக்குறைய ஒரு நொடி திறந்து வைக்கலாம்.

1838-ல் பாரிசு நகரத் தெரு ஒன்றை டாகேர் என்பவர் படமெடுத்தார். சில நிமிடங்கள் பிடித்த அந்தப் படத்தில், நடமாடிய மக்களும் வண்டிகளும் பதியவேயில்லை. காலணிக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாக விழுந்தது. அமைதி கொள்ள அழைக்கும் 46-ஆம் திருப்பாடலைச் செபிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார். அவசரமாகக் கடந்துபோன எத்தனை ஞாயிறு திருப்பலிகள் நம்முள் பதியாமல் போயின!

ஆனால் இந்தப் படங்களில் ஓர் ஆபத்தும் உண்டு. நீரின் வேகத்தை அவை மறைத்துவிடுகின்றன. பஞ்சுபோல் தெரிவதைப் பார்த்து, இறங்கிக் குளிக்கலாம் என்று தோன்றும். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீர் வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைப் பறித்தது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலை உச்சியில் மழை கொட்டலாம்.

இக்காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். ஆகவே வனத்துறையின் அனுமதி உள்ள இடத்திற்கே செல்லுங்கள். அய்யனார் கோவில் ஆற்று நீரைத்தான் ராஜபாளையம் மக்கள் குடிக்கிறார்கள் என்பதால் அங்கே சோப்பும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். படமெடுக்கும்போது நீர் கலங்கினாலோ, சருகுகள் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, முக்காலியை விட்டுவிட்டாவது உடனே மேட்டில் ஏறிவிடுங்கள்.