கழுதைக்கு வழிவிடுங்கள்

மொராக்கோவின் ஃபெஸ் நகரைப் பார்க்க இரண்டு கால்களும் ஒரு வழிகாட்டியும் வேண்டும். சிக்கல், அவர் எங்கே அழைத்துப் போகிறார் என்பதில்தான்.

‘பாலக்! பாலக்!’ முதுகுக்குப் பின்னால் இந்தக் குரல் கேட்டால் யோசிக்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆட்டுத்தோல் கட்டுகளோ காஸ் சிலிண்டர்களோ சுமந்தபடி ஒரு கோவேறு கழுதை உரசிக்கொண்டு போகும். ‘ஜாக்கிரதை’ என்று அர்த்தம். ஃபெஸ்ஸின் பழைய நகரில் இதுதான் ஹாரன். மதில் சூழ்ந்த இந்தப் பகுதிக்கு மெதினா என்று பெயர். அதன் சந்துகளில் கார் நுழைய முடியாது. சிலவற்றில் எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நின்றாக வேண்டும். மொத்தம் ஒன்பதாயிரம் சந்துகள் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு. எண்ணிப் பார்க்க யாருக்குப் பொறுமை?

நடைப்பயணம் பெரும்பாலும் பாப் பூஜ்லூத் வாயிலில் தொடங்குகிறது. வெளிப்புறம் நீல ஓடுகள், உள்புறம் பச்சை. ஆயிரம் ஆண்டுப் பழமை என்ற நினைப்பில் எல்லோரும் படமெடுத்துக்கொள்கிறார்கள். கட்டியது 1913இல், பிரெஞ்சு ஆட்சியில். அதற்கு முந்தைய ஆண்டுதான் மொராக்கோவை பிரான்சின் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்த ஒப்பந்தம் இதே நகரில் கையெழுத்தானது. பிரெஞ்சுத் தலைமை ஆளுநர் லியோத்தே மெதினாவை இடிக்கவில்லை. வெளியே தனியாகப் புது நகரம் எழுப்பினார். தலைநகரை ரபாத்துக்கு மாற்றினார். பழைய நகரம் தப்பியது. ஆனால் காலப்போக்கில் வசதியான குடும்பங்கள் புது நகருக்கும் காசாபிளாங்காவுக்கும் குடிபெயர்ந்தன. அவர்களுடைய மாளிகைகளில் அறைக்கு ஒரு குடும்பம் என்று கிராமத்து ஏழைகள் குடியேறினார்கள்.

வாயிலைத் தாண்டினால் தாலா கெபிரா என்ற பிரதான வீதி சரிவாக இறங்குகிறது. அதில் இருக்கும் பூ இனானியா மதரசா, சுல்தான் அபு இனான் 1350களில் கட்டியது. தேவதாரு மரத்திலும் சுதையிலும் ஒரு அங்குலம்கூட விடாமல் வேலைப்பாடு. தமிழர்கள் இந்தச் சுல்தானுக்கு ஒரு வகையில் நன்றி சொல்லலாம். ஊர் சுற்றி முடித்துத் திரும்பிய இப்ன் பதூதாவின் அனுபவங்களை எழுதிவைக்கச் சொன்னவர் இவர்தான். 1355இல் ஃபெஸ்ஸில் முடிந்த அந்த நூலில் 14ஆம் நூற்றாண்டு மதுரையும் வருகிறது. மதுரை சுல்தான் கியாசுதீன், இப்ன் பதூதாவுக்குச் சகலை. உறவென்று பார்க்காமல் அவருடைய கொடுமைகளை எழுதியிருக்கிறார் மனிதர்.

வீதி கராவியின் மசூதிப் பக்கம் போய்ச் சேர்கிறது. துனீசியாவின் கைரவானிலிருந்து வந்த வணிகரின் மகள் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி 859இல் இதை நிறுவினார் என்பது மரபு. உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்கிறார்கள். மரபுக்கு ஆதாரமான நூல் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இதன் நூலகத்தைச் சீரமைத்தவர் ஃபெஸ்ஸிலேயே பிறந்த கட்டடக் கலைஞர் அசீசா ஷவுனி. அதன் கதவு திறப்பது செஃபாரின் சதுக்கத்தில். அங்கே செம்புப் பாத்திரக்காரர்களின் சுத்தியல் சத்தத்தில் வழிகாட்டி என்ன சொல்கிறார் என்றே கேட்காது.

அடுத்து, எல்லோரும் காத்திருக்கும் ஷுவாரா தோல் பதனிடும் களம். பார்க்க வேண்டுமானால் தோல் கடை ஒன்றின் மாடிக்கு ஏற வேண்டும். நுழையும்போதே கையில் புதினாக் கொத்து தருகிறார்கள். கீழே தேன்கூடு போலத் தொட்டிகள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும்; முடி நீங்கவும் தோல் மென்மையாகவும் இவை. மற்றவற்றில் சாயம். தொடையளவு நீரில் இறங்கித் தோலை மிதிக்கும் தொழிலாளியிடம் புதினா இல்லை. மாடியிலிருந்து இறங்கும் வழியில் கைப்பைகளும் செருப்புகளும் காத்திருக்கின்றன. நீங்கள் வாங்கினால், அழைத்துவந்தவருக்குத் தரகு. விலையில் அதுவும் சேர்ந்தே இருக்கிறது.

இது ஃபெஸ்ஸுக்கு மட்டும் உரிய வியாதியல்ல. ஆனால் இங்கே வழிகாட்டி இல்லாமல் பத்து நிமிடத்தில் வழி தவறிவிடும் என்பதால், அவர் நிறுத்தும் இடமே நீங்கள் பார்க்கும் நகரமாகிவிடுகிறது. அரசு அடையாள அட்டை உள்ளவரையே அமர்த்துங்கள். கூலி பேசும்போதே கடைகள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பாதிக் கடைகள் மூடியிருக்கும். நடப்பதற்கு நல்ல நாள்.

இன்னொன்றும் கேட்கலாம்: ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அந்தலூசியர் பகுதி. 818இல் ஸ்பெயினின் கோர்தோபாவிலிருந்து விரட்டப்பட்டவர்கள் குடியேறிய இடம். அவசரச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் ஆற்றைத் தாண்டுவதில்லை. 1981இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மெதினா இடம்பெற்ற பிறகு எத்தனையோ கட்டடங்கள் பழுதுபார்க்கப்பட்டுவிட்டன. பல மாளிகைகளை வெளிநாட்டவர்கள் வாங்கி விடுதிகளாக்கிவிட்டார்கள். ஆனாலும் சந்துகளில் எதிரெதிர்ச் சுவர்கள் சாய்ந்துவிடாமல் மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. அந்தச் சுவர்களுக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன. காலையில் அந்த முட்டுகளுக்கு அடியில் குனிந்து, பலகையில் பிசைந்த மாவை ஏந்திக்கொண்டு பிள்ளைகள் தெருவின் பொது அடுப்புக்குப் போகிறார்கள். ரொட்டி வெந்ததும் சுடச்சுட வீட்டுக்கு வர வேண்டும். அவர்களுக்கும் வழிவிடுங்கள்.