கொக்கியும் நூலும் – 7: கூட்டினால் விரியும், குறைத்தால் குவியும்

குரோஷே வேலையில் துணியைப் போல வெட்டித் தைப்பது தேவையில்லை. வட்டம், குழிவு, கூர்முனை எல்லாம் கண்ணிகளின் எண்ணிக்கையாலேயே அமைந்துவிடும். ஒரே கண்ணிக்குள் இரண்டு முறை பின்னினால் ஒன்று கூடும். அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளில் ஒவ்வொரு வளையம் இழுத்து, கொக்கியில் சேர்ந்த மூன்று வளையங்களையும் ஒரே இழுப்பில் முடித்தால் ஒன்று குறையும்.

மலேசியாவின் பேராக்கில் தொழுகைக்குச் செல்வோர் அணியும் வெள்ளைப் பருத்திநூல் தொப்பியான கொப்பியா இதற்கு நல்ல பாடம். உச்சி வட்டம் சிங்கிள் குரோஷேயில் 6 கண்ணிகளோடு தொடங்குவதாகக் கொள்ளலாம். (பிரிட்டிஷ் முறைப் புத்தகங்களில் இதே பின்னல் டபுள் குரோஷே எனப்படும்.) இரண்டாம் சுற்றில் 12, மூன்றாவதில் 18, நான்காவதில் 24 என ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூட வேண்டும். வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் வளரும்போது சுற்றளவு அதைப் போல 6.28 மடங்கு வளர்கிறது. சிங்கிள் குரோஷே கண்ணியின் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் ஆறு சரியாகப் பொருந்துகிறது. இதைவிட உயரமான, அமெரிக்க முறை டபுள் குரோஷேக்குச் சுற்றுக்கு 12 வரை தேவைப்படும்.

கண்ணியின் அகலம் அரை சென்டிமீட்டர் என்றால், 18ஆம் சுற்றில் 108 கண்ணிகள், 54 செ.மீ. சுற்றளவு கிடைக்கும். 55 செ.மீ. தலைக்கு நூல் இழுத்துக் கொடுக்கும். இதற்குமேல் கூட்டாமல் பின்னினால் விளிம்பு மடங்கி, தொப்பியின் சுவர் எழும்பும்.

கூட்டும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வட்டம் அறுகோணமாகும். சுற்றுக்குச் சுற்று இடம் மாற்றினால் அது தெரியாது. வட்டம் கிண்ணம்போல் குழிந்தால் கூட்டல் போதவில்லை. ஓரம் நெளிந்தால் கூட்டல் மிகை.

கூட்டலும் குறைத்தலும் சேரும் வடிவையும் பேராக்கிலேயே காணலாம். ஆர்தர் பெனிசன் ஹபக் வடிவமைத்து, 1917இல் கட்டி முடிக்கப்பட்ட கோலகங்சார் உபுதியா பள்ளிவாசலின் குவிமாடம் அடியிலிருந்து சற்றே விரிந்து, பிறகு குவிந்து, கூர்முனையில் முடிகிறது. அந்த வடிவைப் பின்ன முதலில் கூட்டி, சில சுற்றுகள் மாறாமல் விட்டு, பிறகு குறைக்க வேண்டும். தோளில் குறைப்பு வேகமாகவும், உச்சியில் சுற்றுக்கு ஒன்றிரண்டாகவும் இருந்தால் முனை நீண்டு எழும். பஞ்சு அடைக்கும் பொம்மைகளில் முன்வளையங்களில் மட்டும் கொக்கியை நுழைத்துக் குறைத்தால் ஓட்டை தெரியாது.

தட்டையான துண்டுகளில் ஓரத்தில் கூட்டினாலோ குறைத்தாலோ சரிவு வரும். வரிசைதோறும் ஒன்று குறைத்தால் சரிவு அதிகம். ஒன்றுவிட்ட வரிசையில் என்றால் மெல்லிய சாய்வு. சட்டையின் கைக்குழிக்குப் பல கண்ணிகள் ஒரேயடியாகக் குறைய வேண்டும். வரிசைத் தொடக்கத்தில் நழுவு கண்ணியால் கடந்து, முடிவில் அதே அளவு பின்னாமல் விடுவது வழக்கம். கூட்ட வேண்டுமானால் ஓரத்தில் சங்கிலி போட்டு, திரும்பி அதன்மேல் பின்னலாம்.

ஓயாமல் கூட்டிக்கொண்டே போவதற்கும் பயன் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா தைமினா, 1997இல் சீரான விகிதத்தில் கண்ணி கூட்டி, அதிபரவளையத் தளத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி உருவாக்கினார். சட்டைக்குப் பிழையாகும் நெளிவு, அங்கே வடிவக்கணிதப் பாடமாகிறது.