பள்ளியில் வளர்ந்த படிகம், ஜெனீவாவுக்குப் போச்சு!

பள்ளிச் சுற்றுலா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் குட்டீஸ்? பேருந்தில் பாட்டு, புளியோதரைப் பொட்டலம், வழியெல்லாம் தலை எண்ணும் ஆசிரியர்... சரிதானே? 2014 செப்டம்பரில் நெதர்லாந்து, கிரீஸ் நாட்டு மாணவர்கள் சிலர் ஓர் இடத்துக்குப் போனார்கள். வேடிக்கை பார்க்க அல்ல, வேலை செய்ய!

அந்த இடம், ஜெனீவா அருகே, சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில் இருக்கும் 'செர்ன்' ஆய்வுக்கூடம். அணுவைவிடச் சிறிய துகள்களை ஆராயும் இடம். (இந்தியா பரிசளித்த இரண்டு மீட்டர் உயர நடராஜர் சிலை 2004 முதல் அங்கே நிற்கிறது!)

1954-ல் பிறந்த செர்னுக்கு 2014-ல் 60 வயது. அதையொட்டிப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். நிஜமான துகள் கற்றையைக் கொடுத்தால் அதை வைத்து என்ன சோதனை செய்வீர்கள்? இதுதான் கேள்வி. ஏறத்தாழ 300 அணிகள் எழுதி அனுப்பின. தேர்வானவை இரண்டே இரண்டு.

ஒன்று, நெதர்லாந்தின் நைமேகன் நகரப் பள்ளி. படிகாரக் கரைசலில் நூலைத் தொங்கவிட்டுப் படிகம் வளர்த்துப் பார்த்திருக்கிறீர்களா? இவர்களும் படிகம் வளர்த்தார்கள். ஆனால், துகளின் ஆற்றலை அளக்கும் கருவி செய்வதற்காக! வேகமாக வரும் துகள் இப்படிப்பட்ட படிகத்தில் மோதினால் வெளிச்சம் பிறக்கும். ஆற்றல் கூடக்கூட வெளிச்சமும் கூடும். கையால் வளர்த்த படிகம் சரியாக வேலை செய்யுமா? கற்றையின் முன்னால் வைத்துப் பார்த்தால்தானே தெரியும்!

இன்னொன்று, கிரீஸின் ஏதென்ஸ் நகரப் பள்ளி. இவர்கள் தேர்ந்தெடுத்தது 'பையான்' என்ற துகள். அதற்கு ஆயுள் மிகக் குறைவு. ஒரு நொடியைப் பத்துக் கோடிப் பங்காக்கினால், அதில் மூன்று பங்குகூட இராது! அது சிதையும்போது பெரும்பாலும் 'மியூவான்' வரும். எலெக்ட்ரான் வருவது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு முறைதான். பொறுமை வேண்டாமா?

கற்றை எங்கிருந்து வருகிறது? 1959 முதல் ஓடும் 'புரோட்டான் சின்க்ரோட்ரான்' என்ற வளைய எந்திரத்திலிருந்து. சுற்றளவு 628 மீட்டர். அதில் வேகமெடுத்த புரோட்டான்கள் ஓர் உலோகத் துண்டில் மோத, பலவகைத் துகள்கள் தெறிக்கும். காந்தங்கள் வேண்டியதைப் பொறுக்கி அனுப்பும். அதுவும் குழாய்த் தண்ணீர்போல் நிற்காமல் வராது. அரை நொடிகூட நீடிக்காத ஒரு வீச்சு, இடைவெளி, மறுபடி ஒரு வீச்சு.

அந்த நேரத்தில் கருவிகளின் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. கதிர்வீச்சு ஆபத்து. தடித்த கான்கிரீட் சுவருக்கு வெளியே கணினித் திரையைத்தான் பார்க்க வேண்டும். கருவியை ஓர் அங்குலம் நகர்த்த வேண்டுமா? கற்றையை நிறுத்தினால்தான் உள்ளே போகலாம். அதனால் ஒவ்வொரு மணி நேரமும் பொக்கிஷம். இரண்டு நாட்டு மாணவர்களும் போட்டியாளராக இல்லாமல், ஒரே குழுவாக அந்த நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இந்தப் போட்டி அதன் பிறகும் தொடர்கிறது. 2018-ல் வென்ற இரண்டு அணிகளில் ஒன்று நம் மும்பை மாணவர்களுடையது! காந்தப் புலத்தில் துகள்கள் எப்படி வளைகின்றன என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட சோதனை.

உயர்நிலை வகுப்பு அண்ணன், அக்காக்களுக்கான போட்டி இது. நீங்கள் இப்போதே யோசிக்கத் தொடங்கலாம். ஓர் அணிக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். உங்கள் வகுப்பில் மற்ற நான்கு பேர் யார் யார்?