சாலைக் கடைத்தெருவில் திணறும் பழைய கார்கள்: புட்டி மருந்து போதுமா?

கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவில் கார் ஓட்டுவதென்றால், பாதி நேரம் ஓடுவது, பாதி நேரம் நிற்பது. முன்னால் மூட்டை இறக்கும் லாரி, பக்கத்தில் கைவண்டி, பின்னால் ஹாரன் அடிக்கும் ஆட்டோ. நடுவில் நம்முடைய பழைய கார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நிற்காமல் உடம்பெல்லாம் குலுங்கி, தடுமாறி, கடைசியில் அணைந்தே போய்விடுகிறது என்றால் ஓட்டுபவர் படும் பாடு சொல்லி முடியாது.

நம்மவர்களில் பலர் புதுக் கார் வாங்கியவர்கள் அல்லர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய மாருதி 800 வாங்கிய குமாஸ்தா உண்டு. ஆம்னி வேனில் கடைச் சரக்கு ஏற்றிப் பிழைப்பவர் உண்டு. அம்பாசிடரை விட மனமில்லாமல் வைத்திருப்பவரும் உண்டு. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. மாருதி 800 அதே ஆண்டு ஜனவரியில் நின்றது. ஆம்னி 2019-ல் நின்றது. வண்டிகள் மட்டும் இன்னும் நிற்கவில்லை. உதிரிப் பாகக் கடைக்குப் போனால், “இந்தப் புட்டியை டாங்கில் ஊற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார்கள். விலை சில நூறு ரூபாய். நாள் கூலிக்காரருக்கு அது சிறிய தொகை அல்ல. ஊற்றலாமா, கூடாதா என்று காசு கொடுக்குமுன் யோசிப்பது நல்லது.

நிற்கும்போதுதான் நோய் தெரியும்

வேகமாக ஓடும் எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் தாராளமாகக் கிடைக்கின்றன. சிறு குறை இருந்தாலும் அந்த ஓட்டத்தில் மறைந்துவிடும். கால் எடுத்த நிலையில் காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. நிமிடத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் சுற்று மட்டுமே. கார்புரேட்டர் உள்ள பெரும்பாலான வண்டிகளில் ஊசிமுனை போன்ற ஒரு சிறு ஜெட் வழியாகத்தான் அப்போது பெட்ரோல் வரும். அந்தத் துவாரத்தில் ஒரு துளி பிசின் ஒட்டினாலும், ஒரு பிளக் சரியாகப் பொறி தராவிட்டாலும், மேனிபோல்டு கேஸ்கட்டில் மயிரிழை அளவு காற்றுக் கசிந்தாலும் எஞ்சின் தடுமாறும். ஆகவே ‘ஐடிலிங்’ கோளாறு என்பது ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான காய்ச்சல் என்று சொல்லலாம். காய்ச்சலுக்கெல்லாம் ஒரே மாத்திரை என்றால் எந்த வைத்தியர் ஒப்புக்கொள்வார்?

தெருவும் ஒரு காரணம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் அமைத்த அங்காடி இது. கரமனை ஆறும் கிள்ளியாறும் சரக்கு கொண்டுவந்த காலத்து வீதி. கார்களை நினைத்துப் போட்டதல்ல. இங்கே முதல், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து, கரமனை வரை போய்த் திரும்பும் வண்டியின் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. பிளக்கின் முனை சுமார் 500 டிகிரி சூடானால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். சூடு ஏறாத எஞ்சினில் பிளக்கில் கரி, வால்வின் முதுகில் பிசின் என்று நாளுக்கு நாள் படிகிறது.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ நாகர்கோவில் வரை சொந்த ஊருக்குப் போய் வந்த பிறகு கார் இரண்டு வாரம் ஒழுங்காக இருப்பதைப் பலர் கவனித்திருக்கலாம். மாயம் ஒன்றுமில்லை. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை தாண்டி ஒரே மூச்சில் அறுபது, எழுபது கிலோமீட்டர் ஓடிய சூட்டில் பிளக்கின் கரி எரிந்துவிடுகிறது. ஊருக்குப் போக நேரமில்லாதவர்கள் மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். அதிலேயே சரியானால் புட்டிக் காசு மிச்சம்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

கடையில் அடுக்கியிருக்கும் புட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. அழுக்கைக் கழுவும் மருந்து ஒரு வகை. ஆக்டேனை உயர்த்துவது இன்னொரு வகை. டாங்கில் சேர்ந்த தண்ணீரைக் கரைத்து வெளியேற்றுவது மூன்றாவது வகை. இவற்றில் ஐடிலிங் கோளாறுக்குப் பொருந்தக்கூடியது முதல் வகை மட்டுமே.

கழுவும் மருந்துகளில் பெயர் பெற்றது ‘பாலி ஈதர் அமீன்’ என்னும் ரசாயனம். எஞ்சின் சூட்டைத் தாங்கி, பெட்ரோலோடு சேர்ந்து போய், இஞ்செக்டர் முனையிலும் உள்வால்வின் முதுகிலும் படிந்த பிசினைக் கரைப்பது இதன் வேலை. அமெரிக்காவில் 1995 முதல் விற்பனைப் பெட்ரோல் அனைத்திலும் அழுக்கு நீக்கும் மருந்து குறைந்தபட்ச அளவாவது இருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. இந்த வகை மருந்து கட்டுக்கதை அல்ல. ஆனால் அது பெட்ரோல் போகும் வழியில் மட்டுமே போகும். தேய்ந்த பிளக்கை அது புதிதாக்காது. கிழிந்த ரப்பர்க் குழாயை ஒட்டாது. டேப்பட் இடைவெளியைச் சரி செய்யாது. தேய்ந்த பிஸ்டன் ரிங்குக்கு உயிர் கொடுக்காது.

ஆக்டேன் உயர்த்தும் புட்டியால் ஐடிலிங் சீராகும் என்பது தவறான நம்பிக்கை. ஏற்றத்தில் எஞ்சின் ‘கடகட’வென்று தட்டினால் அது உதவலாம், நிற்கும்போது குலுங்குவதற்கு அதில் மருந்தில்லை. ஆக்டேனுக்காக உலகம் ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயத்தையே கலந்தது. 1921-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த அந்த வழக்கம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது என்று தெரிந்த பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. பெட்ரோலில் எதைக் கலந்தாலும் அது புகையாக வெளியே வந்து, தெருவில் நிற்பவர் மூச்சில்தான் போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

எத்தனால் வந்த பிறகு

“முன்பெல்லாம் நன்றாக நின்ற வண்டி இப்போது நிற்பதில்லை” என்போருக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 2003-ல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கியது. 2022-ல் நாடு 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதக் கலப்பான ‘இ-20’ 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் பரவலாகிவிட்டது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். பழைய கார்புரேட்டரின் ஜெட் வெறும் பெட்ரோலுக்கு அளவெடுத்தது. அதில் இ-20 ஊற்றினால் கலவை சுமார் 8 சதவீதம் மெலிந்து போகிறது. மெலிந்த கலவை நிற்கும்போது சரியாகப் பற்றாது. எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். ஆக்ஸிஜன் சென்சாரும் இஞ்செக்டரும் உள்ள வண்டிகள் இதைத் தாமே ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்தப் புத்தி கிடையாது. அதற்கு மெக்கானிக் கலவைத் திருகைச் சற்றே திருப்பி வைக்க வேண்டும். எந்தப் புட்டியும் இந்த வேலையைச் செய்யாது.

எத்தனாலுக்கு வேறு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, அது ஈரத்தை இழுக்கும். திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் மாதக்கணக்கில் அரை டாங்கோடு நிறுத்திய வண்டியில் தண்ணீர் சேர்ந்து, எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் பிரிந்து நிற்கும். அப்போது மருந்து ஊற்றிப் பயனில்லை. டாங்கை வடித்துச் சுத்தம் செய்வதே வழி. தண்ணீர் போக்கும் புட்டிகள் பலவற்றில் இருப்பதும் ஆல்கஹால்தான். ஐந்தில் ஒரு பங்கு ஆல்கஹாலாகவே இருக்கும் பெட்ரோலில் மேலும் கொஞ்சம் ஊற்றி ஆவதென்ன? இரண்டாவது, அது பழைய டாங்கின் பிசினைக் கரைத்து இளக்கும். பழைய ரப்பர்க் குழாய்களை ஊதவும் வெடிக்கவும் செய்யும். எஞ்சின் அருகே பெட்ரோல் கசிந்தால் தீ விபத்து என்பதை மறக்கலாகாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் புட்டி வாங்குமுன் பெட்ரோல் குழாயையும் பில்டரையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

பாச்சை உருண்டையும் மண்ணெண்ணெயும்

டாங்கில் பாச்சை உருண்டை போட்டால் இழுப்பு கூடும் என்று சொல்லுவோர் இன்னும் இருக்கிறார்கள். நாப்தலீன் பெட்ரோலில் கரையும் என்பது உண்மை. பெட்ரோல் ஆவியானதும் அது மீண்டும் படிகமாகி ஜெட்டை அடைக்கும் என்பதும் உண்மை. மண்ணெண்ணெய் கலப்பது அதைவிடக் கேடு: அது முழுதாக எரியாது, கரி படியும், என்ஜின் ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும், சட்டப்படி குற்றமும் ஆகும்.

மலிவான எரிபொருள் என்றதும் நம் மனம் சபலப்படுவது புதிதல்ல. மூலிகையைத் தண்ணீரில் போட்டுப் பெட்ரோல் எடுத்துக் காட்டுவதாக 1996-ல் தென் தமிழ்நாட்டில் ராமர் பிள்ளை சொன்னபோது நாடே வியந்து பார்த்தது. விஞ்ஞானிகள் முன்னிலையில் அது நிரூபணமாகவில்லை. புட்டியின் மேல் ‘மைலேஜ் முப்பது சதவீதம் கூடும்’ என்று அச்சிட்டிருந்தால் அந்த நாட்களை நினைத்துக்கொள்ளலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், எரிபொருள் மிச்சம் பிடிப்பதாகச் சொல்லும் நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளையும் கலவைகளையும் சோதித்திருக்கிறது. மிகச் சிலவற்றில்தான் சிறிதளவு பலன் தெரிந்தது.

எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கருங்கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் பில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். வெளுத்திருந்தால் கலவை மெலிவு. அடுத்து பிளக் ஒயர்கள். பழைய வண்டியானால் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளி. பிறகு ஏர் பில்டரும் காற்று உறிஞ்சும் ரப்பர்க் குழாய்களும். கேஸ்கட் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவும்போது எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். இதற்கு ஒருபோதும் பெட்ரோலைப் பயன்படுத்தக் கூடாது. அதன் பிறகு கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, டேப்பட்டும் டைமிங்கும் பார்க்க வேண்டும். இஞ்செக்டர் வண்டியானால் காற்றுக் கதவில் படிந்த கரியைத் துடைப்பதே பல வேளை போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் குலுங்கல் மிஞ்சினால் புட்டிக்கு முறை வரலாம். ‘பாலி ஈதர் அமீன்’ அடங்கியதா என்று கேட்டு வாங்க வேண்டும். குறைந்த பெட்ரோல் உள்ள டாங்கில் சொன்ன அளவு ஊற்றி, பிறகு பெட்ரோல் நிரப்பி, அந்த டாங்கை நெடுந்தூர ஓட்டத்தில் தீர்ப்பது முறை. சாலைத் தெருவில் ஊர்ந்தே தீர்த்தால் பாதிப் பலன்தான். ஆயில் மாற்றும் நாளுக்குச் சற்று முன்பு ஊற்றுவது நல்லது. துருப்பிடித்த டாங்கில் ஊற்றவே கூடாது. இளகிய அழுக்கு ஜெட்டில் போய் உட்கார்ந்து, தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும். ஒரு புட்டியில் மாற்றம் தெரியாவிட்டால் இரண்டாவது வாங்குவது வீண்.

பங்கிலும் புகைச் சோதனையிலும்

கலப்படம் என்று சந்தேகம் வந்தால் பெட்ரோல் பங்கில் வடிதாள் சோதனை கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. தாளில் விட்ட துளி கறையின்றி ஆவியாக வேண்டும். அடர்த்தி அளவையும், 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அளந்து காட்டவும் கேட்கலாம். மொழி தெரியாது என்று தயங்க வேண்டியதில்லை. கேட்பது சலுகையல்ல, உரிமை.

புகைச் சோதனை நடப்பது எஞ்சின் நிற்கும் நிலையில்தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கார்பன் மோனாக்சைடு வரம்பு 2000-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு 3 சதவீதம்; பாரத் ஸ்டேஜ்-2, 3 வண்டிகளுக்கு 0.5 சதவீதம். ஐடிலிங் கெட்ட கார் இங்கேயே தோற்கும். சான்று இல்லாமல் ஓட்டினால் அபராதம். அதே வாயுதான் கதவடைத்த கிடங்குக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பவரின் உயிரையும் வாங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. வண்டியை வெளியே கொண்டுவந்து சோதியுங்கள்.

பிளக், பில்டர், ரப்பர்க் குழாய், ஒரு நல்ல டியூனிங்: பழைய காருக்கு முதல் வைத்தியம் இதுதான். புட்டி கடைசியில் வரட்டும். வண்டியை நம்பிப் பிழைப்பவர் தம் காசை முதலில் மெக்கானிக்கின் கையில் கொடுக்கட்டும். மிச்சம் இருந்தால் கடைக்காரரின் அலமாரியைப் பார்க்கலாம்.